83 காசு வட்டியும் ‘அப்பால பாக்கலாம்’ என்ற பதிலும்

“சார், உங்க நம்பருக்கு மூணு லட்சம் ப்ரீ-அப்ரூவ்டு லோன் வந்திருக்கு. ஜீரோ டாக்குமென்டேஷன், இன்ஸ்டன்ட் டிஸ்பர்சல். வட்டி வெறும் 83 காசுதான் சார்.”

வேலூர் லாங் பஜாரில் முதல் போணிக்குக் காத்திருக்கும் கடைக்காரருக்கும், சத்துவாச்சாரியில் பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும் அம்மாவுக்கும், ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்டு முடிந்து பஸ் ஏறுபவருக்கும் எழுத்துப் பிசகாமல் இதே வாசகம்தான் வரும். யாரோ எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட் அது. காதில் ஒன்றாக விழுந்து, காகிதத்தில் வேறொன்றாக முடியும் சொற்களைத் தேடிப் பொறுக்கி அதில் வைத்திருக்கிறார்கள். பதிலுக்கு நாம் மரியாதைக்காகச் சொல்லும் “அப்பால பாக்கலாம்மா” என்பதும் அந்தப் பக்கத்துக் கணினியில் நாம் நினைத்ததற்கு நேர்மாறாகப் பதிவாகிறது. அவர்கள் சொல்வதன் பொருளும் நாம் சொல்வதன் விளைவும் தெரிந்துவிட்டால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

முதலில் அந்த 83 காசு.

வட ஆற்காட்டுப் பக்கம் கைமாற்று, நோட்டுக் கடன் என்றால் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று யாரும் பேசுவதில்லை. ‘நூத்துக்கு ரெண்டு’, ‘மூணு வட்டி’ என்பதுதான் பேச்சு. மாதத்துக்கு நூறு ரூபாய்க்கு ரெண்டு ரூபாய், மூணு ரூபாய். ரெண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24%. இந்தக் கணக்கு பழகிய காதுக்கு 83 காசு என்பது ஒரு ரூபாயைக்கூடத் தொடாத வட்டி. ஸ்கிரிப்ட் எழுதியவருக்கு அது நன்றாகத் தெரியும். சதவீதத்தை விட்டுவிட்டுக் காசில் சொல்வது அதனால்தான்.

ஆனால் ரெண்டு வட்டிக்காரரிடம் இருக்கும் ஒரு நியாயம் இந்த 83 காசில் கிடையாது. ஒரு லட்சம் வாங்கியவர் தை மாதம் ஐம்பதாயிரம் அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், மாசியிலிருந்து மீதி ஐம்பதாயிரத்துக்குத்தான் வட்டி. 83 காசு என்பது ‘ஃப்ளாட்’ வட்டி. மாதாமாதம் அசலில் ஒரு பங்கைத் திருப்பிக்கொண்டே வந்தாலும், கடைசித் தவணை வரை முழு லட்சத்துக்கும் வட்டி ஓடும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கடன் 1,00,000 ரூபாய், காலம் 3 ஆண்டு, ஃப்ளாட் வட்டி ஆண்டுக்கு 10%. மாதத்துக்கு ஏறத்தாழ 83 காசு. மூன்று ஆண்டுக்கு வட்டி 30,000. மொத்தம் 1,30,000 ரூபாயை 36-ஆல் வகுத்தால் மாதத் தவணை 3,611 ரூபாய். 18 தவணை கட்டி முடித்த நிலையில் உண்மையான அசல் பாக்கி சுமார் 56,600 ரூபாய்தான். ஆனாலும் 19-ஆவது மாதமும் ஒரு லட்சத்துக்கான வட்டியையே கட்டுகிறோம். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று மாற்றிப் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 17.9%. நம் ஊர்ப் பேச்சில், நூற்றுக்கு ஒன்றரை.

அத்தோடு முடியவில்லை. ‘ப்ராசஸிங் ஃபீ’ 2% என்று வைத்துக்கொண்டால் 2,000 ரூபாய், அதன்மேல் 18% ஜிஎஸ்டி 360 ரூபாய். இதைப் பிடித்துக்கொண்டு கணக்கில் போடுவது 97,640 ரூபாய். கைக்கு வந்த தொகைக்கும் கட்டும் தவணைக்கும் ஒப்பிட்டால் வட்டி சுமார் 19.6% ஆகிவிடுகிறது. 83 காசு என்று ஆரம்பித்தது 1 ரூபாய் 63 காசில் வந்து நிற்கிறது.

இந்த வித்தையை உடைக்க ஒரே கேள்வி போதும்: “ஏபிஆர் எவ்வளவு? கேஎஃப்எஸ் அனுப்புங்க.” ஏபிஆர் என்பது வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த மொத்த ஆண்டு விகிதம். கேஎஃப்எஸ் என்பது கடனின் முக்கிய விவரங்களை ஒரே தாளில் தரும் பத்திரம். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்கும் சிறுதொழில்களுக்கும் கொடுக்கும் புதிய தவணைக் கடன்களுக்கெல்லாம் இந்தத் தாளைக் கட்டாயம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். ஏழு நாளோ அதற்கு மேலோ காலம் உள்ள கடன் என்றால், தாளைக் கொடுத்த பிறகு யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் தர வேண்டும். “இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணியோட ஆஃபர் முடியுது சார்” என்கிற அவசரம் இந்த மூன்று நாளோடு ஒத்துப்போகாது.

‘ப்ரீ-அப்ரூவ்டு’ என்ற சொல்லைக் கேட்டதும் கடன் சாங்ஷன் ஆகிவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அதன் பொருள், ஏதோ ஒரு பட்டியலை வயது, சம்பளம், பழைய கடன் என்று சலித்தபோது உங்கள் எண் மேலே நின்றது என்பதுதான். ஒப்புக்கொண்டு விவரம் கொடுத்த பிறகுதான் உண்மையான பரிசீலனை நடக்கும். அப்போது உங்கள் கடன் வரலாற்றைத் திறந்து பார்ப்பார்கள், அது ‘என்கொயரி’ என்று பதிவாகும். குறுகிய காலத்தில் நாலைந்து என்கொயரி சேர்ந்தால், கடனுக்கு அலைகிறார் என்ற தோற்றம் தரும். “சிபில் (கடன் மதிப்பெண்) அடிபடாது சார்” என்ற உறுதியை நம்பி மூன்று பேரிடம் ‘சும்மா செக் பண்ணுங்க’ என்று சொன்னவருக்கு, நிஜமாகவே வீட்டுக்கடன் தேவைப்படும்போது இது இடிக்கும். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிப் பார்த்தால் யார் யார் திறந்து பார்த்தார்கள் என்பது தேதியோடு இருக்கும்.

காப்பீட்டு அழைப்பில் இதே இடத்தில் ‘கேரண்டீட் டபுள்’ வரும். ஆண்டுக்கு 50,000 வீதம் பத்து ஆண்டு கட்டுங்கள், இருபதாம் ஆண்டு முடிவில் பத்து லட்சம் உறுதி என்பது வழக்கமான பாணி. கட்டியது ஐந்து, வருவது பத்து. இரட்டிப்புதான், பொய் இல்லை. ஆண்டு வருமானமாகக் கணக்கிட்டால் சுமார் 4.5%. தபால் ஆபீஸ் வைப்பு இதைவிட மேல். அவசரத்தில் எடுத்துவிட்டவர்களுக்கு ‘ஃப்ரீ லுக்’ என்று 30 நாள் உண்டு. பாலிசிப் பத்திரம் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அதற்குள் எழுத்தில் திருப்பிவிட்டால், சில சிறு கழிவுகள் போகப் பணம் திரும்பி வரும். ஃபோனில் விற்றவர் இதைச் சொல்ல மாட்டார். சொன்னாலும் “அதெல்லாம் தேவைப்படாது மேடம்” என்பார். ‘ஐஆர்டிஏஐ-யிலிருந்து பேசுகிறோம், உங்கள் பழைய பாலிசிக்கு போனஸ் வந்திருக்கிறது’ என்ற அழைப்பு வந்தால் அது முழு மோசடி. காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அந்த ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் அறிவிப்பதும் இல்லை.

மனை விற்பனையில் வாலாஜா, ராணிப்பேட்டை, காட்பாடி சுற்றுவட்டாரத்துக்கு வரும் அழைப்புகளில் கவனிக்க வேண்டிய சொல் ‘ப்ரீ-லான்ச்’. ‘இப்ப புக் பண்ணா சதுர அடிக்கு இவ்வளவு கம்மி’ என்று தூண்டில் போடுவார்கள். பதிவு செய்ய வேண்டிய அளவுள்ள ஒரு திட்டத்தை ரெரா (மனை, கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு இல்லாமல் விளம்பரம் செய்வதே 2016 ரெரா சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி கூடாது. பதிவு ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவதை 13-ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே “ரெரா நம்பர் என்ன?” என்று கேட்டால், “வந்துடும் சார், அப்ளை பண்ணியாச்சு” என்பது பதிலாகாது. ‘ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம்’ என்பது எந்த வண்டியில், எந்த நேரத்தில் என்று கேட்பதும் நல்லது. ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு கிரீன் சர்க்கிளைக் கடப்பதும் திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குக் கடப்பதும் ஒன்றா?

மறுமுனையில் நடப்பது

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்து ‘ஹலோ’ என்கிறோம். இரண்டு நொடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு ‘டொக்’ என்று ஓர் ஒலி, பின்னணியில் சந்தை இரைச்சல், அப்புறம்தான் “வணக்கம் சார்”. அந்த இரண்டு நொடி மௌனத்துக்குக் காரணம் ‘டயலர்’ என்ற மென்பொருள். மனிதர் கையால் எண் போட்டால் பாதி நேரம் ரிங் போவதைக் கேட்டே வீணாகும் என்பதால், மென்பொருள் ஒரே நேரத்தில் பேசுபவர்களின் எண்ணிக்கையைவிட அதிகமான எண்களை அழைக்கும். யார் எடுக்கிறாரோ அந்த இணைப்பைக் கை காலியாக இருக்கும் ஊழியருக்குத் தள்ளும். தள்ளுவதற்கு ஆகும் நேரம்தான் அந்த மௌனம். யாருமே காலியாக இல்லையென்றால் இணைப்பு தானாக அறுந்துபோகும். எடுத்ததும் கட்டாகிவிடும் மர்ம அழைப்புகளில் பல இந்த வகை. ஆனால் ‘இந்த எண்ணில் ஆள் இருக்கிறார், இந்த நேரத்தில் எடுக்கிறார்’ என்ற தகவல் அதற்குள் பதிவாகியிருக்கும்.

பேசி முடித்ததும் ஊழியரின் திரையில் ஒரு பட்டியல் திறக்கும். ‘டிஸ்பொசிஷன்’ என்பார்கள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த அழைப்புக்குப் போக முடியாது. ‘இன்ட்ரஸ்டட்’, ‘நாட் இன்ட்ரஸ்டட்’, ‘கால் பேக்’, ‘ஆர்என்ஆர்’ (மணி அடித்தது, எடுக்கவில்லை), ‘லாங்குவேஜ் பேரியர்’, ‘டிஎன்சி’ (இனி அழைக்காதே) என்று கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

இங்கேதான் நம் மரியாதை நமக்கே வினையாகிறது. இந்தப் பக்கம் முகத்தில் அடித்தாற்போல ‘வேண்டாம்’ என்று சொல்வது வழக்கமில்லை. “வேலையா கீறேன்மா, அப்பால பாக்கலாம்”, “வீட்ல கேட்டுட்டு சொல்றேன்பா”, “யோசிக்கிறேன் தம்பி” என்றெல்லாம் சொல்லி வைப்போம். கடைத்தெருவில் இதன் பொருள் எல்லோருக்கும் தெரியும்: வேண்டாம். ஆனால் அந்தத் திரையில் ‘அப்பால’ என்பது ‘கால் பேக்’. கூடவே நாளும் நேரமும் கேட்கும் ஒரு கட்டம். ‘வீட்ல கேட்டுட்டு’ என்றால் ‘ஃபாலோ-அப்’, அதாவது பாதி பழுத்த காய். அந்த எண் வரிசையில் கீழே போவதற்குப் பதில் மேலே ஏறுகிறது. அடுத்த முறை அழைப்பவர், “நீங்கதான் சார் ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிடச் சொன்னீங்க” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, திரையில் இருப்பதைப் படிக்கிறார்.

எடுக்காமலே விட்டால் ஆர்என்ஆர். சில மணி நேரத்தில் மறுபடி சுற்றுக்கு வரும். பேச்சின் நடுவே கட் செய்தால் ‘கால் டிராப்’. அதுவும் மறுபடி வரும். இந்தியில் பேசுபவரிடம் “தமிழ் மட்டும்தான்” என்று சொல்லித் தப்பித்ததாக நினைத்தால் ‘லாங்குவேஜ் பேரியர்’. எண் தமிழ்ப் பட்டியலுக்கு மாறி, தமிழில் பேசுபவர் கூப்பிடுவார். திட்டினால்? ஊழியருக்கு மனவருத்தம், எண்ணுக்கு ஒரு மாற்றமும் இல்லை. பேசுபவர் அநேகமாக நம் மாவட்டத்திலேயே ஏதோ ஒரு கல்லூரியில் பி.காம் முடித்து, ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு என்ற டார்கெட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை.

வேலை செய்யும் வாக்கியம் சின்னது: “எனக்கு வேண்டாம். நம்பரை டிஎன்சி-ல போடுங்க. எந்தக் கம்பெனிக்காகப் பேசுறீங்க?” முதல் பகுதி ‘நாட் இன்ட்ரஸ்டட்’டைத் தவிர வேறு பதிவுக்கு இடம் விடாது. இரண்டாவது, அவர்களுடைய சொல்லிலேயே கேட்பது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் புகாருக்குத் தேவைப்படும். ‘பேங்க்ல இருந்து’ என்பது பதிலாகாது. பேசுபவர் வங்கி ஊழியராக இருக்காமல் கமிஷனுக்கு வேலை செய்யும் டிஎஸ்ஏ, அதாவது முகவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். எந்த வங்கி, எந்த முகமை என்று கேட்க வேண்டும்.

வேலூரில் ‘தெரியாத எண்ணை எடுக்காதீர்கள்’ என்ற அறிவுரை பலருக்கு ஒத்துவராது. சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்களும், அவர்களை நம்பித் தொழில் செய்யும் லாட்ஜ், மெஸ், ஆட்டோக்காரர்களும் எந்த எண்ணையும் எடுத்தே ஆக வேண்டும். எடுத்த பிறகு என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குப் பயன்படும்.

1909

தொல்லை அழைப்புகளை ஒழுங்குபடுத்தத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முதலில் 2007-இல் ‘அழைக்காதே’ பதிவேட்டைக் கொண்டுவந்தது. 2010-இல் எழுதப்பட்டு 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளில் வகைவாரித் தடை, 140-இல் தொடங்கும் விற்பனை எண்கள், இரவு 9 முதல் காலை 9 வரை விற்பனை அழைப்புக்குத் தடை எல்லாம் வந்தன. 2018 விதிகள் இதை மாற்றி எழுதின. நிறுவனம், அனுப்பும் பெயர், செய்தியின் வார்ப்பு, வாடிக்கையாளரின் சம்மதம் என ஒவ்வொன்றும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேட்டைத்தான் ‘டிஎல்டி’ என்கிறார்கள். 2025 பிப்ரவரி 12-இல் அதற்குப் பல் வைத்துத் திருத்தம் வந்தது.

முழுத் தடைக்கு, ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘ஸ்டார்ட்’ என்று அடித்து ஓர் இடம் விட்டு பூஜ்யம் போட்டு 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். 1909-ஐ அழைத்தும் செய்யலாம், கட்டணம் இல்லை. வங்கி-காப்பீடு, மனை, கல்வி, மருத்துவம், நுகர்பொருள்-வாகனம், தகவல்தொடர்பு-பொழுதுபோக்கு, சுற்றுலா, உணவு என்று எட்டு வகை உண்டு. சிலவற்றை மட்டும் தடுக்க விரும்பினால் உங்கள் சிம் நிறுவனத்தின் செயலியில் டிஎன்டி (தொந்தரவு செய்யாதே) பக்கத்துக்குப் போவது எளிது. முழுத் தடை போட்டாலும் ஓடிபி, வங்கிக் கணக்குச் செய்திகள் நிற்காது. அந்தப் பயத்தில் பதியாமல் இருப்பவர்கள் நிறைய.

‘டிஎன்டி போட்டேன், ஒன்றும் நிற்கவில்லை’ என்பது எல்லோருடைய புலம்பல். அதற்குக் காரணங்கள் உண்டு. டிஎன்டி நிறுத்துவது பதிவு செய்துகொண்டு முறைப்படி 140 எண்ணில் அழைப்பவர்களை. 140 என்று தெரிந்தால் யாரும் எடுப்பதில்லை என்பதால் முகவர்கள் சாதாரணப் பத்து இலக்க சிம் வாங்கிப் போட்டு அழைக்கிறார்கள். அவர்கள் எந்தப் பதிவேட்டையும் பார்ப்பதில்லை. இன்னொரு காரணம், நாமே கொடுத்த சம்மதம். பொருட்காட்சியில் பரிசுக் கூப்பன் நிரப்பியபோது, ‘ஃப்ரீ சிபில் ஸ்கோர்’ பார்க்க ஒரு தளத்தில் டிக் அடித்தபோது, துணிக்கடை பில் கவுன்டரில் எண் சொன்னபோது கொடுத்தது. வெளிப்படையான சம்மதம் டிஎன்டி-யை மிஞ்சும். 2025 திருத்தம் இதில் ஒரு கடிவாளம் போட்டது: நடந்துகொண்டிருக்கும் ஒரு பரிவர்த்தனையை முடிக்கக் கொடுத்த சம்மதம் ஏழு நாளுக்குத்தான் செல்லும். ஒருமுறை விலகிக்கொண்டால் 90 நாளுக்குள் மறுபடி சம்மதம் கேட்கக் கூடாது. பில் கவுன்டரில் எண் கொடுக்காவிட்டால் பில்லே வராது என்றால் அதுவும் தவறு. எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023-இலேயே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

பத்து இலக்க எண்ணிலிருந்து வருபவர்களைப் பிடிக்க ஒரே வழி புகார். இப்போது புகார் செய்ய டிஎன்டி பதிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 1909-க்கு எஸ்எம்எஸ்: முதலில் அழைப்பு எதைப் பற்றி என்று ஒரு வரி (எந்த வங்கி, என்ன கடன்), ஒரு கமா, அழைத்த எண், இன்னொரு கமா, தேதி நாள்/மாதம்/ஆண்டு என்ற வரிசையில் இரண்டிரண்டு இலக்கமாக. டிராயின் டிஎன்டி செயலியிலும் செய்யலாம்; அழைப்புப் பட்டியலிலிருந்து எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பதால் தப்பு குறைவு.

புகார் தள்ளுபடியாவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால். இரண்டு சிம் உள்ள ஃபோனில் அழைப்பு வந்தது ஒரு சிம்முக்கு, புகார் போனது இன்னொன்றிலிருந்து என்றால், அந்த எண்ணுக்கு அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்று பதில் வரும். இதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் பிழை. எஸ்எம்எஸ் அனுப்புமுன் எந்த சிம் என்று பார்க்க வேண்டும். எண்ணில் ஒரு இலக்கம் விடுபட்டாலும் போயிற்று. மாதத்தையும் நாளையும் மாற்றிப் போட்டாலும் அப்படியே. முன்பு மூன்று நாள் கெடு இருந்தது, இப்போது ஏழு நாள். ஆனால் அன்றைக்கே அனுப்புவதுதான் நல்லது, ஏனெனில் முகவர் சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பார். ஃபோனில் ‘பிளாக்’ செய்வதும், ட்ரூகாலரில் ‘ஸ்பேம்’ என்று குறிப்பதும் 1909 புகாராகக் கணக்கில் வராது. பலர் அதோடு கடமை முடிந்ததாக இருந்துவிடுகிறார்கள்.

ஒரு புகார் மட்டும் போனால் என்ன ஆகும்? பதிவு பெறாதவர்மேல் பத்து நாளுக்குள் ஐந்து புகார் சேர்ந்தால் நடவடிக்கை தொடங்கும் என்பது இப்போதைய அளவு. முன்பு ஏழு நாளுக்குள் பத்து என்று இருந்தது. நடவடிக்கைக்கான கெடுவும் 30 நாளிலிருந்து 5 நாளாகக் குறைந்திருக்கிறது. முதல் முறை என்றால் 15 நாள் வெளிச்செல்லும் அழைப்பு நிறுத்தம். மறுபடியும் என்றால் எல்லா இணைப்பும் ஓராண்டுக்குத் துண்டிப்பு, எல்லா நிறுவனங்களிலும் கறுப்புப் பட்டியல். அழைக்கும் முகவர்கள் ஒரு பகுதி எண்களை வரிசையாகச் சுற்றுவதால், ஒரே கடைத்தெருவில் ஐந்து பேருக்கு ஒரே எண்ணிலிருந்து வருவது சகஜம். ஒரே நாளில் அந்த ஐந்து பேரும் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது.

எஸ்எம்எஸ்-ஐப் படிக்கும் முறை

நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்-இன் தலைப்பில் முதலில் இரண்டு எழுத்து, ஒரு கோடு, ஆறு எழுத்தில் நிறுவனத்தின் பெயர், மறுபடி ஒரு கோடு, ஒரு எழுத்து இருக்கும். முதல் எழுத்து எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனம் வழியாக வந்தது என்பது: ஏ என்றால் ஏர்டெல், ஜே என்றால் ஜியோ. இரண்டாவது எழுத்து எந்த வட்டாரத்திலிருந்து அனுப்பப்பட்டது என்பது, தமிழ்நாட்டுக்கு டி (T). வங்கி தன் செய்தியை டெல்லி வழியாக அனுப்பினால் இரண்டாவது எழுத்து அந்த ஊருக்குரிய D-யாகவே இருக்கும். எனவே அதை வைத்து உண்மை-போலி சொல்ல முடியாது. கடைசி எழுத்துதான் புதிது, பயனுள்ளது. ‘பி’ விளம்பரம், ‘எஸ்’ சேவை, ‘டி’ (T) பரிவர்த்தனை, ‘ஜி’ அரசு. விளம்பரச் செய்தியை ‘எஸ்’ போட்டு அனுப்பியிருந்தால் அதுவே புகாருக்குரிய விஷயம். ஆறு எழுத்துப் பெயர் யாருடையது என்பதை டிராயின் எஸ்எம்எஸ் தலைப்புத் தளத்தில் தேடிப் பார்க்கலாம். வங்கிப் பெயர் சொல்லிக்கொண்டு சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் ‘கேஒய்சி காலாவதியாகிவிட்டது’ எஸ்எம்எஸ்-ஐத் திறந்து பார்க்கவே தேவையில்லை.

அழைப்பிலும் இதேபோல ஒரு பிரிவு வந்திருக்கிறது. விற்பனைக்கு 140. வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்களும் அரசும் சேவைக்காக அழைப்பதற்கு 1600-இல் தொடங்கும் எண்கள். வாட்ஸ்அப் அழைப்புக்கும் செய்திக்கும் 1909 உதவாது. அங்கேயே ‘ரிப்போர்ட்’ செய்ய வேண்டும். விற்பனையைத் தாண்டி மோசடி என்று சந்தேகம் வந்தால் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ என்ற பகுதி இருக்கிறது. கடைசி 30 நாளுக்குள் வந்த அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் மூன்றையும் அங்கே பதியலாம். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் சக்ஷுவில் நேரத்தைச் செலவிடாமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழைக்க வேண்டும்.

எல்லாத் தொல்லையும் வெளியிலிருந்து வருவதில்லை. நாமே குறை சொல்ல அழைக்கும்போது வேறொரு மொழி ஆரம்பிக்கும். “டிக்கெட் ரெய்ஸ் பண்ணிட்டேன் சார், டிஏடி செவன் வொர்க்கிங் டேஸ், எஸ்கலேட் பண்ணியிருக்கேன்.” டிக்கெட் என்பது புகார் எண், அதைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் ஃபோனை வைக்கக் கூடாது. டிஏடி என்பது அவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கெடு. வேலை நாள் என்பதால் ஏழு என்பது காலண்டரில் ஒன்பது, பத்தாகும். ‘ரிசால்வ்டு’ என்று எஸ்எம்எஸ் வந்தால் பிரச்சினை தீர்ந்ததாகப் பொருளில்லை, டிக்கெட்டை மூடிவிட்டார்கள் என்று பொருள். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் ஒப்புக்கொள்ளும்படி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. அப்போது கேட்கப்படும் முதல் விஷயம் அந்தப் புகார் எண்ணும் தேதியும்தான். கடன் வசூலுக்கு அழைப்பவர்களுக்கும் எல்லை உண்டு: காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே சொல்லிவிட்டது.

இந்த விதிகள் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று நினைத்து நம் ஊர்ச் சிறு தொழில்காரர்கள் மாட்டிக்கொள்வதும் உண்டு. தோட்டப்பாளையத்தில் ஒரு ட்யூஷன் சென்டர், மே மாதம் அட்மிஷனுக்காக எங்கிருந்தோ வாங்கிய பெற்றோர் பட்டியலுக்குத் தன் சொந்த சிம்மிலிருந்து அழைப்பும் எஸ்எம்எஸ்-ஸும் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிப்படி அதுவும் பதிவு பெறாத விற்பனை அழைப்புதான். முறையாகச் செய்ய டிஎல்டி-யில் நிறுவனத்தைப் பதிந்து, பெயரும் வார்ப்பும் அங்கீகாரம் வாங்கி அனுப்ப வேண்டும். ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ‘நாளை விடுமுறை’ என்று சொல்வது விற்பனை ஆகாது. ஆனால் அறிமுகமில்லாதவர்களுக்கு அனுப்பியதில் ஐந்து பேர் எரிச்சலில் 1909-க்குத் தட்டிவிட்டால், போர்டிலும் நோட்டீஸிலும் அச்சடித்திருக்கும் அதே எண்ணிலிருந்து, சரியாக அட்மிஷன் நேரத்தில், பதினைந்து நாள் யாரையும் கூப்பிட முடியாது.